என்றும் மாணவராய் இருந்த ஆசிரியர்

டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்களின் பெயரை அறியாத தமிழ் மாணவர் இருக்க முடியாது. ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அவர் அலைந்த வரலாற்றைப் பள்ளிப் பருவத்திலேயே பாடமாகப் படித்திருக்கிறோம். தமிழ்த் தாத்தா என்னும் அன்புப் பெயரும் நம் நாவில் தங்கிவிட்டது. அந்த முதியவரின் படத்தையே நாம் பெரிதும் கண்டு பழகியமையால், அவர் பிறக்கும்போதே பேரறிஞராகப் பிறந்தவர் போன்ற ஓர் எண்ணம் நமக்கு ஏற்பட்டுவிடுகிறது. அவர் இளமையில் எவ்வாறு கற்றார் என்பதைப் பலர் எழுதியுள்ளனர். ஆசிரியப் பணியில் அமர்ந்து, கற்க வேண்டியதெல்லாம் கற்றாயிற்று என்று எண்ணத்தக்க நிலையை அடைந்த பிறகு, அவர் மீண்டும் எவ்வாறு மாணவரானார் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. கல்லூரியில் பாடம் சொல்லும் என்னைப் போன்றோருக்கு அந்தப் பகுதியே பெரிதும் வேண்டப்படுவதாகத் தோன்றுகிறது.

சாமிநாதையர் 19-2-1855 அன்று பிறந்தார். அவர் ஊர் தஞ்சை மாவட்டம் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். இராம கதையை இசையோடு சொல்லி அதில் கிடைக்கும் சிறு வருவாயில் குடும்பத்தை நடத்தியவர். மகனும் இசையில் வல்லவனாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. உறவினர் சிலர் ஆங்கிலம் படிக்க வைத்தால் பிழைப்புக்கு வழியாகும் என்றனர். சிறுவனின் மனமோ தமிழையே நாடியது. அதன்பின் அந்தத் தந்தை செய்த செயல் வியப்புக்குரியது. எந்த ஊரில் தமிழ் கற்பிப்பார் ஒருவர் இருக்கிறாரோ, அந்த ஊருக்குக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு சென்றார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் அவர்களுக்குத் தெரிந்ததைக் கற்றாயிற்று. அவ்வாசிரியர்களின் பெருந்தன்மையையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தம்மிடம் உள்ளது தீர்ந்ததும், இதற்கு மேல் கற்க வேண்டுமானால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் செல்லுங்கள் என்று வழிகாட்டினார் விருத்தாசல ரெட்டியார். மாணவனைத் தம்மிடமே பிடித்து வைத்துக்கொள்ள அவர் எண்ணவில்லை.

1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். வேங்கடராமன் என்னும் இயற்பெயர் சாமிநாதன் என நிலைபெற்றது அங்கேதான். அதே ஊரில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்து வந்தார். தந்தையின் விருப்பப்படி அவரிடம் சிறிது காலம் இசையும் கற்றார். இசையில் மனம் சென்றால் தமிழ்ப் படிப்பு தளரும் என்று ஆசிரியர் கருதுவதை அறிந்ததும் அதனை நிறுத்திவிட்டார். ஒன்றைக் கற்பதற்காக மற்றொன்றை விட நேர்ந்த அந்த இழப்பு அவர் உள்ளத்தில் இருந்துகொண்டே இருந்தது போலும். தம் எண்பதாம் வயதை ஒட்டி, 1936இல், கோபாலகிருஷ்ண பாரதியார் வரலாற்றையும் கனம் கிருஷ்ணையர் வரலாற்றையும் அவர் நூலாக எழுதி வெளியிட்டார்.

பிள்ளையவர்களின் மாணவர் குழுவைப் பற்றி நம் கல்லூரி மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர் ஆழ்ந்த சைவர். திருவாவடுதுறை ஆதீன வித்துவான். ஆயினும் அவரிடம் பயின்றோரில் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் (1833-1908) பிள்ளையவர்களின் மாணவரே. பிற்காலத்தில் மதுரையில் பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய தமிழ்ச் சங்கத்திலும் நாவலர் இடம்பெற்றார். சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவ மாணவர் ஆசிரியரின் இறுதிவரை உடனிருந்து தொண்டு செய்தார். 1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் உயிர் பிரியும் வேளையில் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தவர் சவேரிநாத பிள்ளை; அருகில் அமர்ந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதையர். ஒரு சைவப் பெரியார், கிறித்தவ மாணவரின் மார்பில் சாய்ந்து, பிராமண மாணவர் படிக்கத் திருவாசகம் கேட்டவாறு கண்மூடினார். அந்த அறையில் கற்ற பாடமும் சாமிநாதையரின் பிற்காலப் பணிக்கு ஒரு முன்னுரை என்றே எனக்குப் படுகிறது.

ஆசிரியர் மறைந்த பின்னர் ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் அவருக்கு ஆதரவளித்தார். தேசிகரிடம் தாம் கற்றுக்கொண்டே மடத்து மாணவர்க்குப் பாடமும் சொல்லி வந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணவரே. செட்டியார் ஓய்வு பெற விரும்பியபோது தம் இடத்திற்குச் சாமிநாதையரையே பரிந்துரைத்தார். 1880 பிப்ரவரி 16 அன்று ஐயர் அப்பணியை ஏற்றார். மாத ஊதியம் ஐம்பது ரூபாய். வறுமை வறுமை என்று ஊர் ஊராகத் திரிந்த குடும்பத்திற்கு அது பெருஞ்செல்வம். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், தல புராணங்கள் என அவர் பாடங்கேட்ட நூல்களின் பட்டியல் மிக நீண்டது. தமிழ் நாட்டின் தலைசிறந்த ஆசிரியரிடம் பயின்றவர், அரசாங்கக் கல்லூரியில் நிலையான பணி, மாணவர்களிடையே நன்மதிப்பு. இதற்கு மேல் ஒரு தமிழாசிரியருக்கு வேண்டுவது யாது? அந்நிலையிலேயே அவர் நின்றிருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். நல்லாசிரியர் ஒருவர் கும்பகோணத்தில் இருந்தார் என்று உள்ளூர் வரலாறு ஒரு வரியில் சொல்லிச் சென்றிருக்கும்.

1880 அக்டோபர் 21 அந்நிலையை மாற்றியது. அரியலூரிலிருந்து கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்தார் சேலம் இராமசாமி முதலியார். அவரை மரியாதையின் பொருட்டுக் காணச் சென்றார் ஐயர். யாரிடம் படித்தீர்கள் என்று முதலியார் கேட்டார். மகாவித்துவானின் பெயரைச் சொன்னால் எத்தகையவரும் முகம் மலர்வர் என்பதே ஐயரின் அதுவரை அனுபவம். முதலியாரின் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. ஐயர் தம் பட்டியலை விரித்தார். பிரபந்தங்கள், புராணங்கள், காப்பியங்கள், இலக்கணங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கேட்டவரின் முகம் அப்படியே இருந்தது. இவற்றையெல்லாம் படித்துப் பயன் என்ன என்ற பொருள்பட அவர் வினவியபோது ஐயர் திடுக்கிட்டார். இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்ற பெயர்களை முதலியார் அடுக்கினார். அவற்றைப் படித்ததில்லை என்பது மட்டுமன்று, அந்நூல்களை ஐயர் கண்ணால் கண்டதுமில்லை.

சிந்தாமணியில் நாமகள் இலம்பகம் மட்டும் 1868இல் எச். பவர் என்னும் பாதிரியாரால் அச்சிடப்பட்டிருந்தது. ஆங்கிலக் கல்வி பெற்ற முதலியாருக்கு அதில் பயிற்சி இருந்தது. தமிழையே தொழிலாகக் கொண்டவருக்கோ நூற்பெயரே புதிது! ஏடு கிடைத்தால் பாடம் சொல்வீர்களா என்று முதலியார் கேட்டார். சொல்வேன் என்று துணிந்து விடை கூறினார் ஐயர். எத்தனையோ கடினமான நூல்களைக் கற்ற நமக்கு இது மட்டும் விளங்காமற் போகுமா என்னும் நம்பிக்கை அந்த விடையில் இருந்தது. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நூலைப் பிரித்த பிறகே அந்நூலின் வேறுபாடு தெரியத் தொடங்கியது. சொற்கள் ஓரளவு விளங்கின. கருத்துத் தொடர்பு விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருந்தும், அவ்வுரையே மற்றொரு காடாக நின்றது. உரையாசிரியர் பல பழைய நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். அவை எந்நூல் என்று பெயர் சொல்லுவதில்லை. தாம் படித்த நூறு நூல்களில் எதிலும் அவை இல்லை. அதற்கும் மேலாக, அது சமண நூல். அருகனைப் பற்றியும் வினையின் வகைகளைப் பற்றியும் வரும் செய்திகள் சைவ மரபில் வளர்ந்தவருக்கு எட்டவில்லை. பாடம் கேட்க முதலியார் வந்து அமரும்போது, விளங்காத இடங்களை விளங்கவில்லை என்றே ஐயர் ஒப்புக்கொண்டு அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்.

இந்த ஒப்புதல் எளிதான செயலன்று. இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒரு செய்தி சொல்ல அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். எம்.பில். பட்டம் பெற்று விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் சிந்தாமணியின் ஒரு பகுதியைப் பாடம் சொல்ல நேர்ந்தது. அடிபட்டு உயிர் விடும் நாய் ஒன்றுக்குச் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கிறது. அந்த ஐந்து எவை என்று மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அது சமயச் செய்தி, தேர்வில் கேட்கமாட்டார்கள் என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். அந்த மாணவர் அமர்ந்துவிட்டார். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவர் வேறு கேள்வியே கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, வந்தவாசிப் பக்கம் ஒரு திருமணத்திற்குச் சென்றபோது, அங்குள்ள தமிழ்ச் சமணர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதனைக் கேட்டறிந்தேன். அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என்று அந்தப் பெரியவர் விரல் மடக்கிச் சொன்னார். சொல்லிவிட்டு, தொப்பி அணிந்த ஒருவர் இதைக் கேட்டு எழுதிக்கொள்வதைக் கண்டு மகிழ்ந்து, மோர் கொண்டுவரச் சொன்னார். இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் விடையை இத்தனை ஆண்டுகள் தள்ளிப் போட்டதற்கு என் கூச்சத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

சாமிநாதையர் அவ்வாறு தள்ளிப் போடவில்லை. கும்பகோணத்தில் சமணர்கள் வாழ்கிறார்களா என்று விசாரித்தார். சந்திரநாத செட்டியார் என்பவரின் தொடர்பு கிட்டியது. வீடூர் அப்பாசாமி நயினார் முதலிய சமண அன்பர்கள் அறிமுகமாயினர். அவர்களுக்கு அந்நூல் புலமைக்கான நூலன்று, பாராயண நூல். முறையாகப் படித்து, நிறைவு நாளைத் தோரணம் கட்டி விழாவாகக் கொண்டாடும் நூல். தமிழ்ப் புலவர்கள் மறந்துபோன ஒரு காப்பியம், அதே ஊரில் சில தெருக்கள் தள்ளி, வணிகம் செய்து வாழும் எளிய குடும்பங்களில் உயிரோடு ஓதப்பட்டு வந்தது. கல்லூரி முடிந்ததும் அவர்களிடம் சென்று, ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிந்தார். அவர்களுள் பலர் புலவர் பட்டம் பெற்றவர்கள் அல்லர். தம் வீட்டு வழக்கத்தையும் தம் குரவர் சொன்னதையும் அறிந்தவர்கள். கல்லூரி ஆசிரியர் தம்மைத் தேடி வந்து பணிவோடு கேட்பதைக் கண்டு அவர்கள் முதலில் வியந்தனர். பிறகு அவரைப் பவ்விய ஜீவன், அதாவது நன்னெறி அடையும் பக்குவம் பெற்ற உயிர் என்று கருதலாயினர்.

மறுபுறம் சைவர் சிலர் முகஞ்சுளித்தனர். சோழ மன்னன் சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தமையாலேயே சேக்கிழார் பெரிய புராணம் பாடினார் என்பது சைவ மரபில் வழங்கும் வரலாறு. அத்தகைய நூலைத் திருநீறணிந்த ஒருவர் அச்சிடலாமா என்று வாதித்தனர். ஐயர் தம் சமய ஒழுக்கத்தை இறுதிவரை சிறிதும் விட்டவரல்லர். சமணர்களின் எதிர்பார்ப்பையும் சைவர்களின் அச்சத்தையும் அவர் நிறைவேற்றவில்லை. நூல் என்ன சொல்கிறதோ அதனை அந்நூலுக்கு உரியவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது ஆசிரியன் கடமை என்ற ஒன்றையே பற்றி நின்றார். சீறாப்புராணத்தைப் பாடம் நடத்தும் பிற சமயத் தோழர்கள் மிஃராஜ் என்றால் என்ன, பைத்துல் முகத்தஸ் எங்குள்ளது என்று நம் வீடுகளுக்கு வந்து கேட்கும்போது நமக்கு எத்தகைய மகிழ்ச்சி உண்டாகிறது என்பதை எண்ணினால், அந்தச் சமணர்களின் மகிழ்ச்சியை நாம் உணரலாம்.

ஏழாண்டு உழைப்புக்குப் பின் 1887இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. உரையில் பெயரின்றி நின்ற மேற்கோள்களின் மூலத்தைத் தேடித் திருவாவடுதுறை மடத்து ஏட்டுக் கட்டுகளை அவிழ்த்தபோது பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவர் கைக்கு வந்தன. பல்லாண்டு தாம் வாழ்ந்த மடத்திலேயே அவை இருந்தன! கேள்வி தோன்றாதவரை விடை பக்கத்தில் இருந்தும் தெரிவதில்லை. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன. குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்கள் வரும் இடத்தில் ஏடு சிதைந்திருந்தது. குறைந்த பகுதி தருமபுர ஆதீனத்து ஏட்டில் கிடைத்தது. இரு மடங்களுக்கும் இடையே அக்காலத்தில் மனவேறுபாடு இருந்தது; அதையும் கடந்தே அவர் அங்குச் சென்றார். கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, கோயிலில் கிடந்த பழைய ஏடுகளை ஆகம முறைப்படி நெருப்பில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஏடு தேடிய இப்பயணங்களைப் பற்றிப் பலரும் விரிவாக எழுதியிருப்பதால் நான் இங்கு நீட்டவில்லை.

அவர் கற்ற முறையைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். முதலாவது மணிமேகலை. அது எச்சமயத்து நூல் என்பதே முதலில் அவருக்குப் புலப்படவில்லை. தமிழ்நாட்டில் சமணர்கள் இருந்ததால் சிந்தாமணிக்கு வழி பிறந்தது. பௌத்தர்களை எங்கே தேடுவது? அவரோடு கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் துணைக்கு வந்தார். ரங்காசாரியார் வைணவர், ஆங்கிலத்திலும் வடமொழியிலும் வல்லவர். பௌத்தத்தைப் பற்றி மேனாட்டார் ஆங்கிலத்தில் எழுதிய நூல்களைப் படித்து அவர் பொருள் சொல்வார். ஐயர் கேட்டு எழுதிக்கொள்வார். ஐயருக்கு ஆங்கிலம் தெரியாது. இளமையில் கற்காமற்போன அம்மொழியின் பயனை, தம் உடன்பணியாளரின் வாயிலாக, நாற்பது வயதை ஒட்டிய பருவத்தில் பெற்றார். கேட்டதைத் தம் மனத்தில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றை எளிய தமிழ் உரைநடையில் எழுதிச் சேர்த்தார். சைவர் ஒருவர் வைணவரிடம் கேட்டு, ஐரோப்பியர் எழுதியதை ஆதாரமாகக் கொண்டு, புத்தர் வரலாற்றைத் தமிழர்க்குத் தந்தார். கற்றதை உடனே பிறருக்குக் கற்பித்துவிடும் இவ்வழக்கம் பிள்ளையவர்களிடமிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது செய்தியை நான் முதன்முதலில் படித்தபோது இருமுறை படித்தேன். கும்பகோணம் கல்லூரியின் முதல்வராக இருந்த ஹென்ஸ்மன் கிறித்தவர். ஒரே கருத்து விவிலியத்தில் எந்தெந்த இடங்களில் வருகிறது என்பதைக் காட்டும் ஒப்புமைக் குறிப்புகளும் அகராதியும் அமைந்த விவிலியப் பதிப்பு ஒன்றை அவர் ஐயருக்குக் காட்டினார். ஒரு நூலை இப்படியும் பதிப்பிக்க முடியுமா என்று ஐயர் வியந்தார். புறநானூற்றைப் பதிப்பிக்கும்போது அம்முறை அவர் உள்ளத்தில் முன்மாதிரியாக நின்றது. அரும்பத அகராதி, ஒப்புமைப் பகுதி, பாடினோர் வரலாறு, பாடப்பட்டோர் வரலாறு என்று அவர் பதிப்புகளில் நாம் இன்று இயல்பாகப் புரட்டும் பகுதிகள் பழைய வித்துவான்களின் வழக்கத்தில் இல்லாதவை. மனப்பாடமே கல்வியாக இருந்த மரபில் வளர்ந்தவர், மனப்பாடம் இல்லாதவரும் பயன்கொள்ளும்படி நூலை அமைக்கக் கற்றுக்கொண்டார்.

அதே புறநானூற்றில் மற்றொன்றும் காண்கிறோம். ஏடு ஒடிந்தும் செல்லரித்தும் போன இடங்களில் அவர் புள்ளிகள் இட்டுவிட்டார். சில பாடல்கள் கிடைக்கவே இல்லை. கிடைக்கவில்லை என்றே விட்டார். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான பாடல்களைப் பாடத்தக்க ஆசிரியரிடம் பயின்றவருக்கு, தாமும் செய்யுள் இயற்றவல்லவருக்கு, விடுபட்ட ஒரு சீரை நிரப்புவது கடினமா? நிரப்பியிருந்தால் அன்று கண்டுபிடிப்பார் யாருமில்லை. அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய பெருமை முழுவதும் அவற்றிலேயே இருப்பதாகத் தோன்றும். தெரியாது என்பதை முதலியார் முன்னிலையில் நாவால் சொன்னவர், இங்கே தமிழுலகம் முழுவதன் முன்னிலையிலும் அச்சில் சொன்னார்.

இருபத்து மூன்று ஆண்டுகள் கும்பகோணத்தில் பணிபுரிந்த பின் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் கிடைத்தது. 1919இல் ஓய்வு பெற்றார். பின்னர் 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. 1937இல் சென்னையில் காந்தியடிகள் தலைமையில் நடைபெற்ற இலக்கிய மாநாட்டில் வரவேற்புரை நிகழ்த்தினார். அதைக் கேட்ட அடிகள், இவரிடம் அமர்ந்து தமிழ் கற்க வேண்டும் என்ற ஆவலை வெளியிட்டார் என்பர். பட்டங்களையும் பாராட்டுகளையும் இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

ஓய்வு என்பது அவருக்குக் கல்லூரிக்குப் போக வேண்டாம் என்ற பொருளை மட்டுமே தந்தது. பெருங்கதை 1924இல் வெளிவந்தது. குறுந்தொகையை 1915இலேயே சௌரிப்பெருமாள் அரங்கனார் உரையோடு பதிப்பித்திருந்தார். ஆயினும் ஐயர் அதனை மீண்டும் பல பிரதிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, தாமே உரையும் எழுதி 1937இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு. இளமையில் வெளியிட்ட நூல்களையும் அவர் அப்படியே மறுஅச்சு செய்ததில்லை. புதிய ஏடு கிடைக்குந்தோறும் பழைய பாடத்தைத் திருத்தினார். இருபத்தைந்து வயதில் தொடங்கிய சிந்தாமணிப் பாடம் முதுமை வரை தொடர்ந்துகொண்டே இருந்தது.

அவர் தம் நன்றியைச் செலுத்திய விதமும் தனிப்பட்டது. சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாங்கிய இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். கல்லூரிப் பணியைப் பெற்றுத் தந்த தியாகராச செட்டியாரின் பெயர் அது. தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். மகாவித்துவான் எழுதிய செய்யுள் நூல்கள் பல இன்று படிப்பாரின்றிக் கிடக்கின்றன. மாணவர் எழுதிய அந்த உரைநடை வரலாற்றிலேயே ஆசிரியர் நம்மோடு வாழ்கிறார். செய்யுளே புலமை என்றிருந்த கூட்டத்தில் வளர்ந்தவர், தம் எழுபதுகளில் நல்ல உரைநடை ஆசிரியராக மலர்ந்தார் என்பதும் கருதத்தக்கது. தெளிந்த, சிறு நகையோடு கூடிய அந்த நடை இளமையில் அவரிடம் இருந்ததன்று. பதிப்பு முன்னுரைகளை எழுதி எழுதியும், பத்திரிகைகளில் கட்டுரை வரைந்தும் அவர் ஈட்டிக்கொண்டது.

1940 ஜனவரியில் ஆனந்த விகடன் வார இதழில் என் சரித்திரம் தொடராக வரத் தொடங்கியது. எண்பத்தைந்து வயது முதியவர், தாம் திண்ணைப் பள்ளியில் படித்ததையும், தவறு செய்ததையும், முதலியார் முன் வெட்கி நின்றதையும் வாரந்தோறும் எழுதி வந்தார். முதலியாருடனான அந்தச் சந்திப்பைத் தமக்கு நேர்ந்த இழுக்காக அவர் மறைக்கவில்லை. தம் வாழ்க்கையின் திருப்பமே அது என்று அறுபதாண்டுகளுக்குப் பிறகும் நாள், கிழமை மாறாமல் நினைவில் வைத்திருந்தார். இராமசாமி முதலியார் 1892இலேயே மறைந்துவிட்டார். தாம் கேட்ட அந்த ஒரு கேள்வி எத்தனை நூல்களாக விளைந்தது என்பதில் ஒரு பகுதியையே அவர் கண்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது, சென்னையில் குண்டு விழலாம் என்ற அச்சத்தால் மக்கள் நகரை விட்டு வெளியேறினர். ஐயரும் 1942இல் குடும்பத்தோடு திருக்கழுக்குன்றத்திற்குப் பெயர்ந்தார். கற்பதற்காகக் குடும்பத்தோடு ஊர் ஊராகப் பெயர்ந்த சிறுவன், முதுமையில் கடைசியாக ஒருமுறை பெயர்ந்தது அப்போதுதான். அவ்வூரிலேயே 28-4-1942 அன்று காலமானார். என் சரித்திரம் 122ஆம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. சென்னைக்கு வந்ததும், மாநிலக் கல்லூரியில் பாடம் சொன்னதும், பரிபாடலும் பெருங்கதையும் குறுந்தொகையும் பதிப்பித்ததும் அதில் இல்லை. முற்றுப்பெறாத அத்தொடர் 1950இல் நூலாக வெளிவந்தது.

அவர் சேர்த்து வைத்த சுவடிகளையும் நூல்களையும் கொண்டு 1943இல் ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சியால் டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர் அது பெசன்ட் நகரில் நிலைபெற்றது. திருவல்லிக்கேணித் தியாகராச விலாசம் 2012இல் இடிக்கப்பட்டுவிட்டது. அத்தெரு வழியாக ஒருமுறை சென்றபோது, வீடு எது என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். எந்தப் பக்கம் என்று அவர் கையைக் காட்டினார்; இடம் மட்டுமே இருந்தது. பெசன்ட் நகர் நூல்நிலையத்திற்குச் செல்லும் மாணவர்கள் அவர் தேடிச் சேர்த்த சுவடிகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.